சிஎன்ஜி பேருந்து ஏன் கரும்புகை கக்குவதில்லை?

விறகடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். கேஸ் அடுப்பில் வைத்ததில் பிடிக்காது. தில்லிப் பேருந்துகளின் கதையும் இதுதான். உச்ச நீதிமன்றம் 1998-இல் ஆணையிட, 2002 இறுதிக்குள் அங்கே டீசல் நகரப் பேருந்துகள் சிஎன்ஜிக்கு மாறின. டீசலின் மூலக்கூறு பத்துப் பதினைந்து கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. துளிகளாகத் தெளிக்கப்படும் அது, காற்று போதாத இடத்தில் அரைகுறையாக எரிகிறது. எஞ்சிய கார்பன் ஒன்றோடொன்று ஒட்டிக் கரித்துகளாகிறது. சிஎன்ஜி எனும் அழுத்திய இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அதிலோ ஒரே கார்பன், சுற்றிலும் நான்கு ஹைட்ரஜன். ஒட்டிக்கொள்ளப் பக்கத்தில் துணையில்லை. வாயு என்பதால் எரியும் முன்பே காற்றோடு நன்றாகக் கலந்தும் விடுகிறது.

பிறகு ஏன் தில்லியில் இன்னும் மூச்சு முட்டுகிறது என்று கேட்பீர்கள். பேருந்து மட்டுமா புகைக்கிறது? லாரிகள், செங்கல் சூளைகள், வயலில் எரிக்கும் வைக்கோல், சாலைப் புழுதி எல்லாம் இருக்கின்றனவே. சிஎன்ஜியும் முழுத் தூய்மையல்ல: இன்ஜினின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நச்சு வாயுவாகும். இதைவிட வலுவான மறுப்பு, கசிவு. எரியாமல் தப்பும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே கரித்துகளுக்கு இது நல்ல மருந்து. புவி சூடேறுவதற்கோ, குழாய் இணைப்புகள் இறுக்கமாக இருக்கும்வரைதான்.