நினைவில் இருக்கும் சாவி

பாதுகாப்புப் பெட்டகம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இந்நடைமுறையை நன்கு அறிவர். வங்கி அலுவலர் தம் சாவியைச் செலுத்துவார். அடுத்து வாடிக்கையாளர் தம்முடையதைச் செலுத்துவார். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். வாடிக்கையாளரின் சாவிக்கு மாற்றுச் சாவி நம்மிடம் இல்லை. எனினும் நீதிமன்ற ஆணை வருமானால், சாட்சிகள் முன்னிலையில் பெட்டகத்தை உடைத்து, உள்ளிருப்பவற்றைப் பட்டியலிட்டு ஒப்படைக்க முடியும்.

குறியாக்கம் என்னும் பூட்டை அவ்வாறு உடைக்க இயலாது. 128 பிட் நீளமுள்ள ஒரு சாவிக்கு உள்ள சாத்தியங்களின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் தேவை. உலகக் கணினிகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்தாலும் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க வழியில்லை. ஆகவே சட்டம் பூட்டை விட்டுவிட்டுச் சாவிக்குரியவரை நோக்கித் திரும்புகிறது.

நம் நாட்டில் இந்த இழுபறி பழையது. இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் பாதுகாப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2001இல் நெறிமுறை வகுத்தது. அதே காலத்தில், இணைய இணைப்பு வழங்குவோரின் உரிம நிபந்தனையோ, முன் அனுமதியின்றி 40 பிட்டுக்கு மேல் கூடாது என்றது. ஒரு கை பூட்டச் சொல்ல, மறு கை தளர்த்தச் சொன்னது.

இன்று நடைமுறையில் இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு. 2008இல் திருத்தப்பட்டு, 2009 அக்டோபர் 27 முதல் செயல்படுகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றப் புலனாய்வு முதலிய காரணங்களுக்காகக் குறியாக்கத்தை நீக்கித் தருமாறு ஆணையிட இப்பிரிவு இடமளிக்கிறது. மறுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆணையை வழக்கமாகப் பிறப்பிப்பவர் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர். காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும். ஆணையின் ஆயுள் 60 நாள். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக்கூடாது. மறு ஆய்வுக் குழுவும் உண்டு. இடைநிலை நிறுவனம் ஒன்று, தானே குறியாக்கம் செய்ததையோ, சாவி தன் கட்டுப்பாட்டில் இருப்பதையோ மட்டுமே திறந்து தரக் கடமைப்பட்டது. இந்த வரம்பை நாம் முக்கியமானதாகக் கருதுகிறோம்.

2015 செப்டம்பரில் வெளியான குறியாக்கக் கொள்கை வரைவு ஒன்று, குறியாக்கம் செய்த செய்திகளின் மூலவடிவை 90 நாள் வைத்திருக்குமாறு குடிமக்களையும் கேட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசற்படியில் வைப்பதற்கு ஒப்பான யோசனை. சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

குற்றம் சாட்டப்பட்டவரின் மனத்தில் மட்டும் கடவுச்சொல் இருந்தால் என்ன செய்வது? தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3)ஆம் கூறு. கைரேகை எடுப்பது அத்தகைய சாட்சியம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே கூறிவிட்டது. கடவுச்சொல்லும் கைரேகை போன்றதே என்ற நிலைப்பாட்டை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் எடுத்தது. மறு ஆண்டு தில்லிச் சிறப்பு நீதிமன்றம் ஒன்று அதை ஏற்கவில்லை: விரலை வைக்கச் சொல்லலாம், மனத்திலுள்ளதைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்த இயலாது என்றது. ஒரே கைப்பேசி, விரலால் திறந்தால் ஒரு சட்டம், எண்ணால் திறந்தால் வேறொரு சட்டம்!

இவையெல்லாம் நீதிமன்றத்தில் பேசப்படுபவை. நம் வாடிக்கையாளரின் வீட்டுத் தொலைபேசியில் நடப்பது வேறு. காவல்துறை அதிகாரி என்றும் புலனாய்வு அதிகாரி என்றும் சொல்லிக்கொண்டு, காணொளி அழைப்பிலேயே ‘டிஜிட்டல் கைது’ செய்துவிட்டதாக மிரட்டி, கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கேட்கிறார்கள். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. மேற்சொன்ன ஆணை எதுவும் உங்கள் ஓடிபியைத் தொலைபேசியில் கேட்டு வருவதில்லை; வங்கி ஊழியர் எவரும் அதைக் கேட்பதில்லை. அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் பதிவு செய்துவிட்டு, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.