அரசன் மகளும் காத்திருந்தாள்

பிள்ளை வரம் வேண்டிக் காத்திருப்பது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. மணமாகி ஆண்டுகள் பல சென்றும் மழலைச் செல்வம் கிட்டாத தம்பதியர் மடுமாதாவின் திருத்தலத்திற்கு நேர்த்தி வைத்துச் செல்வதை நாம் அறிவோம். ஆனால் பிள்ளை பிறந்துவிட்டது, அது உங்களுடையதே என்று நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது, கடவுச்சீட்டும் எடுத்தாயிற்று, இருந்தும் வீட்டுக்கு அழைத்துவர முடியவில்லை என்றால் அந்தக் காத்திருப்பை என்னவென்று சொல்வது?

2013 செப்டெம்பர் 25ஆம் திகதி கொங்கோ ஜனநாயகக் குடியரசு, வெளிநாட்டவர் மகவேற்ற பிள்ளைகளுக்கு நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி வழங்குவதை இடைநிறுத்தியது. ஆவணங்களில் மோசடி இடம்பெறுகின்றது, வெளிநாடு சென்ற பிள்ளைகளில் சிலர் துன்புறுத்தப்படுகின்றனர், வேறு குடும்பங்களுக்குக் கைமாற்றப்படுகின்றனர் என்ற ஐயங்களே இதற்குக் காரணமாயின. அமெரிக்கா, பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி முதலிய நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிள்ளைகள் அங்கேயே தங்க நேர்ந்தது. சட்டப்படி அவர்களுக்குப் பெற்றோர் இருந்தனர். அந்தப் பெற்றோரின் குடும்பப் பெயரையும் அவர்கள் தாங்கியிருந்தனர். குறைவாயிருந்தது ஓர் அனுமதிக் கடிதம் மட்டுமே.

2014 மே மாதம் 31 பிள்ளைகள் இத்தாலி போய்ச் சேர்ந்தனர். ஏனைய குடும்பங்கள் அச்செய்தியை எத்தகைய மனத்துடன் பார்த்திருக்கும்! பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது நற்செய்தி வாழ்வின் பாடம்தான். ஆனால் இதைவிடக் கடினமான பாடம் அதிகம் இல்லை. பெற்றோருள் சிலர் தொழிலை விட்டுக் கின்சாசா நகருக்கே சென்று, வாடகை வீட்டில் பிள்ளையுடன் மாதக்கணக்கில் வாழ்ந்தனர். செல்ல இயலாதோர் பராமரிப்புச் செலவை அனுப்பிக்கொண்டு, புகைப்படங்களிலும் கணினித் திரையிலும் பிள்ளையின் வளர்ச்சியைக் கண்டனர். கைக்குழந்தைக்கென்று வாங்கிய உடை, அனுமதி வருமுன்பே சிறிதாகிப்போயிருக்கும். 2015 நவம்பரில் ஒரு சிறு தொகையினர் விடுவிக்கப்பட்டனர். 2016இன் தொடக்கத்திலேயே ஏனையோரில் பெரும்பாலானோருக்கு வழி பிறந்தது. இடையில் சென்றவை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள்.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் வியப்பான ஒன்றைக் காண்கிறோம். நாம் ஏற்கனவே கடவுளின் பிள்ளைகளாக்கும் ஆவியைப் பெற்றுவிட்டோம் என்கிறார் அவர். சில வசனங்கள் கழித்து, பிள்ளைகளாக்கப்படுவதற்காகப் பெருமூச்சுடன் காத்திருக்கிறோம் என்றும் எழுதுகிறார். பெற்றுவிட்டோமா, இன்னும் காத்திருக்கிறோமா? இறையியல் வகுப்பில் இதற்கு நீண்ட விளக்கம் தருவார்கள். கின்சாசாவில் இருந்த அப்பிள்ளைகளுக்கு அவ்விளக்கம் தேவைப்பட்டிராது. தீர்ப்புக் கிடைத்துவிட்டது, வீடு இன்னும் தூரத்தில் இருக்கிறது. நாம் இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது காத்திருக்கும் பெற்றோரின் இடத்திலேயே நம்மை வைத்துப் பார்க்கிறோம். பவுலோ நம்மைப் பிள்ளையின் இடத்தில் வைக்கிறார்.

காத்திருப்போரிடம் "எல்லாம் ஆண்டவருடைய நேரம்" என்று சொல்லிவிடுவது நமக்கு எளிதாயிருக்கிறது. அலுவலர் ஒருவரின் அசட்டையையும் இடைத்தரகரின் பேராசையையும் ஆண்டவர் மீது சுமத்துவது சரியன்று என்பதே என் எண்ணம். சீலோவிலே அன்னா மனமுடைந்து அழுதபோது, குரு ஏலி அவளைக் குடிபோதையில் இருப்பவளென்று எண்ணினார். தேவாலயத்தில் இருந்தவரே தவறாகப் புரிந்துகொண்டார்! ஆண்டவரோ அவளது முறைப்பாட்டைக் கேட்டார். அழுவதும் முறையிடுவதும் விசுவாசக் குறைவு அல்ல.

அதே வேளை, எல்லாத் தாமதமும் தீமையன்று. இதை இலங்கையர் நாம் பிறரைவிட நன்கு அறிந்திருக்க வேண்டும். 1980களில் இந்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அன்று பலருக்குத் தாமதமே இருக்கவில்லை. சில வாரங்களில் காரியம் முடிந்தது. பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொரு பெண் தாயாக நடித்துக் கையொப்பமிட்ட சம்பவங்களும் பின்னர் வெளிவந்தன. 2020 டிசெம்பரில் சுவிற்சர்லாந்து அரசு இலங்கையிலிருந்து நிகழ்ந்த மகவேற்புகளில் இடம்பெற்ற முறைகேடுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் விசாரணைக் குழு இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நிகழ்ந்த மகவேற்புகளில் கடுமையான முறைகேடுகளைக் கண்டது. வளர்ந்துவிட்ட அப்பிள்ளைகள் இன்று தம் அன்னையரைத் தேடி இங்கு வருகின்றனர். கையிலுள்ள பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரோ பலவேளைகளில் பொய்யானது.

1993 மே 29ஆம் திகதி ஹேக் நகரில் நிறைவேறிய மகவேற்பு உடன்படிக்கை இத்தகைய அநீதிகளைத் தடுக்கவே எழுந்தது. அதனை முதலில் உறுதிப்படுத்திய மூன்று நாடுகளுள் இலங்கையும் ஒன்று. மற்றவை மெக்சிக்கோவும் ருமேனியாவும். பெற்ற தாயின் சம்மதம் உண்மையானதா, அதற்குப் பணம் கைமாறியதா, சொந்த நாட்டிலேயே பிள்ளைக்கு ஒரு வீடு கிடைக்காதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க நாட்கள் செல்லவே செய்யும். வளர்ப்புப் பெற்றோருக்கு வேதனையாயிருக்கும் மாதங்களுள் சில, முகம் தெரியாத ஓர் ஏழைத் தாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு.

விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு மீண்டும் வாசியுங்கள். பார்வோனின் மகள் நாணற்புதரில் குழந்தையைக் கண்டெடுத்தாள், இரங்கினாள். ஆனால் அன்றே அரண்மனைக்குத் தூக்கிச் செல்லவில்லை. தூரத்தில் நின்ற அக்காளின் சொற்கேட்டு, பெற்ற தாயிடமே பாலூட்டக் கொடுத்தாள். அதற்குக் கூலியும் கொடுத்தாள். பிள்ளை வளர்ந்த பின்னரே அவன் அவளுக்கு மகனானான். கட்டளையிடும் அதிகாரம் படைத்த அரசன் மகளும் காத்திருந்தாள்.

ஆனால் கதவு திறவாமலே போனால்? சீனா 1992 முதல் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளை வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு வழங்கியது. 2020இல் கொரோனா காரணமாக அது நின்றது. எந்தப் பிள்ளை எந்தக் குடும்பத்துக்கு என்று ஏற்கனவே முடிவான நிலையில் நூற்றுக்கணக்கானோர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். அப்பிள்ளைகளுள் பலர் நோயோ உடற்குறைபாடோ உடையவர்கள். 2024 செப்டெம்பரில் சீன அரசு, இரத்த உறவினரையோ வாழ்க்கைத்துணையின் பிள்ளையையோ மகவேற்போருக்கு அன்றி ஏனைய வெளிநாட்டவருக்குப் பிள்ளைகளை வழங்குவதில்லை என அறிவித்தது. அக்குடும்பங்களின் செபம் கேட்கப்படவில்லையா? இதற்கு நேரான விடை என்னிடம் இல்லை.

அத்தகைய ஒரு வீடு நம் பங்கிலும் இருக்கக்கூடும். அயல்நாடொன்றிலுள்ள பிள்ளைக்காகக் காத்திருப்போராக இருக்கலாம். இங்கேயே சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுகளை எண்ணுவோராக இருக்கலாம். அடுத்தமுறை அங்கு செபமாலைக்குச் செல்லும்போது "இன்னும் சரிவரவில்லையா" என்று விசாரிக்க வேண்டாம். பிள்ளை யாரென்று ஏற்கனவே தெரிந்திருந்தால் அதன் பெயரைக் கேளுங்கள். தெரியாவிட்டால் பெயரில்லாமலே மன்றாடுவோம். அப்பிள்ளைக்காக ஒரு மறைநிகழ்ச்சி, அதைப் பெற்ற தாய்க்காக இன்னொன்று.