மட்டக்களப்புக் கோட்டையை வாசிப்போம்

வரலாற்றுச் சுற்றுலா என்றதும் எமக்கு நினைவுக்கு வருபவை அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகியவையே. சுபஹுக்கு முன் பஸ் ஏறி, இரவு களைத்துப்போய் வீடு திரும்புகிறோம். கையில் மிஞ்சுவது சில புகைப்படங்கள்தான். “அதை யார் கட்டினார்கள், ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள்?” என்று வாப்பா கேட்டால் எம்மில் பலர் விழிப்போம். ஓர் இடத்தைப் பார்ப்பது வேறு, அதன் கடந்த காலத்தை அறிவது வேறு. கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்புக் கோட்டையை வைத்து இதை விளக்க விரும்புகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, ஏன் இந்த இடம் என்பதாகும். கோட்டை புளியந்தீவில் உள்ளது. இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி, நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள். போர்த்துக்கேயர் 1628 இல் இதைக் கட்டியதன் நோக்கம், கண்டி இராச்சியத்துக்குக் கிழக்குக் கரையிலிருந்த கடல் வழியை அடைப்பதாகும்.

அடுத்து, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வி எம்மையே தொடுகிறது. 1626 இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். இரண்டே ஆண்டுகளில், அவர்களைத் துரத்தியவர்களின் கோட்டை அதே வாவிக்கரையில் எழுந்தது!

மூன்றாவது, பின்னர் வந்தவர்கள் யார்? 1638 மே மாதம் ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்கனுடன் சேர்ந்து கோட்டையைக் கைப்பற்றினர். நுழைவாயிலின் மேல் அவர்களது கம்பனியின் முத்திரை உள்ளது. பெரிய ‘வீ’ எழுத்தின் இரு கால்களிலும் ‘ஓ’வும் ‘சீ’யும் பின்னியிருக்கும். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். பிற்காலத்தில் இங்கு கச்சேரி நீண்டகாலம் இயங்கியது.

நான்காவது, எழுத்தில் என்ன இருக்கிறது? கோட்டை வீழ்ந்த சில நாட்களில், மே 23 ஆம் திகதி, மன்னனும் ஒல்லாந்தரும் ஒப்பந்தம் செய்தனர். பிடிக்கப்படும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை தங்கலாம் என்ற நிபந்தனை, ஒல்லாந்தரின் பிரதியில் இருக்கவில்லை. ‘இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை’ என்று வரலாற்றுப் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

நாவிதன்வெளியிலிருந்து கிட்டங்கிப் பாலத்தைக் கடந்து பலமுறை மட்டக்களப்புக்குப் போயிருக்கிறேன். இவற்றை அறிந்துகொண்டு போனபோதுதான் அந்தச் சுவரருகே நின்று யோசித்தேன். கல்லில் இருப்பது கம்பனியின் முத்திரை. வயல் வெட்டி, வள்ளம் வலித்து வாழ்ந்த எமது மூதாதையரின் கதை எங்கே இருக்கிறது? அது எமது வீட்டு முதியோரின் நினைவில் இருக்கிறது. அவர்களுடன் அதுவும் போய்விடும்.

பழைய கல்லொன்றைக் கண்டால் “இது எங்களுடையது” என்று வாதாடும் காலம் இது. இந்த நான்கு கேள்விகளையும் கேட்பவளுக்கு, ஒரே இடத்தில் பல இனத்தவரின் கையும் கண்ணீரும் கலந்திருப்பது தெரியும்.

பெற்றோரே, “பொம்பளப் பிள்ளைக்குப் பயணம் எதற்கு?” என்று தடுக்காமல், முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள். தோழியரே, போகுமுன் பாடநூலைப் புரட்டுங்கள். திரும்பியதும் மூத்தம்மாவின் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.