ஊரை எழுப்பாத வாகனம்

மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கும்போது விலையையும் எரிபொருள் செலவையும் விசாரிக்கும் தாய்மாரே, அதன் சத்தத்தையும் சற்றுக் கவனியுங்கள்.

இயந்திரத்திலிருந்து அழுத்தத்துடன் வெளியேறும் புகையின் ஓசையை அடக்கவே சைலன்சரில் உள்ளறைகள் அமைக்கப்பட்டுள்ளன. சில இளைஞர்கள் அதைக் கழற்றிவிட்டு, காசு கொடுத்து அலறும் குழாயைப் பூட்டுகிறார்கள். ஒலி 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். தூக்கம் கெடுவதைத் தடுக்க, இரவில் வீதி இரைச்சல் 45 டெசிபெலுக்குக் கீழ் இருக்க வேண்டுமென 2018இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஐரோப்பிய நாடுகளுக்குப் பரிந்துரைத்தது.

"சத்தம் கேட்டால்தான் விலகுவார்கள்" என்பான் மகன். அதற்கு ஹோர்ன் இருக்கிறது. தொட்டில் பிள்ளையும், இரத்த அழுத்தமுள்ள பாட்டியும், பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணும் எங்கே விலகுவார்கள்?

பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "சைலன்சரில் கை வைக்கக் கூடாது."