பலர் கூடி வளர்க்கும் மொழி

மயில்கள் உலவும் முருகன் மலையால் பெயர் பெற்றது, புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை. அவ்வூரின் பெயரில் வி, ரா, லி, ம, லை என ஐந்து எழுத்துகள் உள்ளன என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். அச்சொல்லைப் பைத்தான் என்னும் நிரல்மொழியிடம் தந்து அதன் நீளத்தை அளக்கச் சொன்னால், ஒன்பது என விடை வரும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி முறையில் 'வ' என்பதற்கு ஒரு குறியீடும், அதனோடு சேரும் இகரத் துணைக்குறிக்கு மற்றொரு குறியீடும் உண்டு. ஆகவே 'வி' இரண்டாகக் கணக்கிடப்படுகிறது. 'ம' நீங்கலாக ஏனைய நான்கு எழுத்துகளும் இவ்வாறே இரட்டிப்பதால் எண்ணிக்கை ஒன்பதாகிறது. தமிழ் இலக்கணத்திற்கு ஏற்ப எண்ணும் முறையைக் கணினிக்கு யார் கற்பிப்பது? இவ்வினாவுக்கான விடை, பைத்தான் வளர்ந்த முறையிலேயே உள்ளது.

எளிமையும் ஆற்றலும்

நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம், 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் இம்மொழியை உருவாக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். இதன் பெயர் மலைப்பாம்பைக் குறித்து எழுந்ததன்று. 'மான்ட்டி பைத்தான்' என்னும் பிரித்தானிய நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் பெயரிலிருந்து வந்தது.

படிப்பதற்கு எளிமையே இம்மொழியின் முதற்சிறப்பு. சி பிளஸ் பிளஸ் மொழியில் கட்டளைத் தொகுதிகளை அடைப்புக்குறிகள் பிரித்துக் காட்டும்; பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடப்படும் இடைவெளியே அப்பணியைச் செய்யும். மாறியின் தரவினத்தை முன்கூட்டி அறிவிக்கவும் தேவையில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியை நோக்க, பைத்தான் வேகம் குறைந்தது. எனினும், மிகுதியான கணக்கீடுகளுக்குப் பயன்படும் 'நம்பை' போன்ற நிரல் நூலகங்களின் உட்பகுதிகள் சி மொழியில் எழுதப்பட்டுள்ளதால் அக்குறை பெரிதும் ஈடுசெய்யப்படுகிறது.

திறந்த மூலம்

பைத்தானின் மூலநிரலை எவரும் கட்டணமின்றிப் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். இவ்வாறு வெளியிடப்படுவதே திறந்த மூல மென்பொருள். 2001இல் தொடங்கப்பட்ட பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை இம்மொழிக்கான உரிமைகளைப் பேணுகிறது. 2018இல் கைடோ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டில், மொழியை உருவாக்கும் நிரலர்கள் வாக்களித்து ஐவர் குழுவைத் தேர்ந்தெடுத்தனர். தோற்றுவித்தவர் விலகிய பின்னும் மொழியின் வளர்ச்சி நின்றுவிடவில்லை.

தமிழுக்கு விளைந்த பயன்

2008இல் வெளிவந்த பைத்தானின் மூன்றாம் பதிப்பு, சரங்கள் அனைத்தையும் ஒருங்குறியிலேயே கையாண்டது. இதனால் தமிழ் உரையைக் கையாளுதல் எளிதாயிற்று. முத்து அண்ணாமலை, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் 'எழில்' என்னும் மொழியைப் பைத்தானைக்கொண்டு உருவாக்கினார். அவரும் பிற ஆர்வலர்களும் வளர்த்த 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல் நூலகம், சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. அதனிடம் கேட்டால் விராலிமலைக்கு ஐந்து எழுத்துகளே. இதற்காக எந்த நிறுவனத்தின் இசைவையும் அவர்கள் பெற வேண்டியிருக்கவில்லை.

எதிர்காலம்

எனினும், திறந்த மூலம் தானே வளர்வதன்று. தன்னார்வலர் குறைந்தால் நூலகம் புதுப்பிக்கப்படாமல் தேங்கும். பைத்தானின் புதிய பதிப்புகளோடு பொருந்தாமலும் போகலாம். நிரல் எழுதுவது மட்டுமே பங்களிப்பு ஆகாது. பிழையைக் கண்டு தெரிவித்தல், விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதுதல், புணர்ச்சி விதிகளுக்கு ஏற்ப விடைகள் அமைகின்றனவா எனச் சோதித்தல் ஆகியனவும் பங்களிப்பே. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக உள்ளது. நிரலும் இலக்கணமும் ஒருங்கே கற்கும் மாணவர்கள் இப்பணிக்குப் பெரிதும் தகுதியுடையோர். வல்லுநர் பயன்படுத்தும் அதே மூலநிரல், விராலிமலையில் பயிலும் மாணவருக்கும் திறந்தே இருக்கிறது.