சுண்ணாம்பு தொட்ட அக்கானி

சிதறால் மலையில் 9-ம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இறங்கும்போது தொண்டை வறளும். கோடையில் போனவர்கள் குளிர்பானம் தேடாமல், பக்கத்து ஊர்களில் அக்கானி கிடைக்குமா என்று விசாரிக்கலாம். மற்ற மாவட்டங்களில் பதநீர். குமரிக்காரர்களுக்கு அது அக்கானி.

மடமடவென்று குடித்தால் வெறும் இனிப்புதான் தெரியும். ஜின் என்ற மதுவை ருசி பார்ப்பவர்கள், ஜூனிப்பர் காயின் வாசம் முந்தி வருகிறதா என்று முதலில் மோந்து பார்ப்பார்கள். அக்கானிக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம், போதை இல்லாமலே! நல்ல அக்கானியில் பச்சைப் பாளையின் வாசம் வரும். ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்துங்கள். முதலில் இனிப்பு. அது அடங்கும்போது, வெற்றிலை போட்டதுபோல ஒரு லேசான காரம். அதுதான் சுண்ணாம்பு.

எல்லாமே அந்தச் சுண்ணாம்பில்தான் இருக்கிறது. பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது, பனையேறி அதன் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார். தடவாவிட்டால் ஈஸ்ட் உள்ளே புகுந்து சர்க்கரையைப் புளிக்க வைத்துவிடும். இறக்கும்போது அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. ஒரே மரம், ஒரே சாறு. சட்டத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதை ஒரு விரல் சுண்ணாம்பு தீர்மானிக்கிறது! குறைந்தால் புளிக்கும். கூடினால் நாக்கு வெந்துபோகும். அளக்கக் கரண்டி கிடையாது, கைப்பழக்கம்தான்.

அந்தக் கைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. பருவம் முடியும்வரை விடுப்பே இல்லாத வேலை இது. பாளையைத் தினமும் சீவாவிட்டால் சாறு நின்றுபோகும். காய்ச்சல் என்றாலும் ஏறித்தான் ஆக வேண்டும். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதைக் குறை சொல்ல முடியுமா? இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு டம்ளருக்குப் பேரம் பேசுவது கொஞ்சம் அநியாயம்.

காலையிலேயே வாங்கிவிடுங்கள். சர்க்கரைத் தண்ணீர் கலந்திருந்தால் இனிப்பு நுனிநாக்கிலேயே நின்றுவிடும், பாளை வாசம் இருக்காது. அடியில் சுண்ணாம்பு படிந்திருந்தால் கலக்காமல் மேலாக ஊற்றிக் குடியுங்கள். மிச்சமானால் மறுநாளைக்கு வைக்க வேண்டாம். அன்றைக்கே அடுப்பில் ஏற்றி, கரண்டியில் ஒட்டும்வரை காய்ச்சினால் பாகு கிடைக்கும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வீட்டில் சண்டையே வரும்!