நாவலிற் கதை கூறுவோன்

ஒரு செய்தியைச் சொன்னவர் இன்னார் என்பது கொண்டு மயங்காது, அதன்கண் உள்ள உண்மையை ஆராய்ந்து கொள்ளுதலே அறிவு என்பது வள்ளுவர் கருத்து. நாவல் படிப்போர்க்கும் இவ்வறிவுரை வேண்டுவதே. ஆயின், நாவலில் உண்மையைக் காண விரும்புவோர், சொல்லுபவர் யார் என்பதையே முதற்கண் அறிதல் வேண்டும். மாணவர் பலர் கதையில் வரும் கூற்றுக்களையெல்லாம் ஆசிரியர் கூற்றென்றே கொண்டு விடை எழுதுகின்றனர். நூலை எழுதியவர் வேறு. நூலினுள் நின்று கதை கூறுவோன் வேறு. பின்னவனும் ஆசிரியராற் படைக்கப்பட்டவனே.

கதைக்குப் புறத்தே நின்று கூறுவோனை முதலில் நோக்குவோம். ஹென்றி பீல்டிங் 1749ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரொம் ஜோன்ஸ்’ 18 பகுதிகளையுடையது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் கதையை நிறுத்திவிட்டு அவன் நம்மோடு நேரே உரையாடுகின்றான். நம் கோயில்களிற் கந்தபுராண படனத்தின்போது பயன் சொல்லுபவரை அவன் நினைவூட்டுகின்றான். எல்லாம் அறிந்த அவனும், ரொம் யாருடைய மகன் என்பதை இறுதிப்பகுதி வரையும் மறைத்தே வைக்கின்றான்.

கதாநாயகனே தன் கதையைக் கூறுதல் இரண்டாவது முறை. தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) இம்முறையில் அமைந்ததே. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1860ஆம் 1861ஆம் ஆண்டுகளில் தொடர்கதையாக வெளியிட்ட ‘கிறேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே பிப் என்னும் ஒருவனே இருவனாய் நிற்கின்றான்: ஒருவன் அனுபவிக்கும் இளைஞன், மற்றவன் அதனை நினைந்து கூறும் முதியோன். தன்னை வளர்த்த கொல்லன் ஜோ இலண்டனுக்கு வந்தபோது இளைஞன் நாணினான். அவ்வாறு நாணியதை முதியோன் ஒளியாது உரைக்கின்றான். தனக்குப் பொருள் உதவியவர் செல்வச் சீமாட்டி ஹவிஷாம் அல்லர், ஒரு கைதியே என்பதை முதியோன் அறிவான். எனினும், இளைஞனது மயக்கத்தில் நாமும் பங்குகொள்ளும்படி அதனை உரிய காலம் வரை கூறாது விடுக்கின்றான்.

மூன்றாவது முறை, அருகிருந்து கண்டவர் கூறுதல். எமிலி புறொன்ரியின் ‘வதறிங் ஹைற்ஸ்’ (1847) இதன் அருமையைக் காட்டும். அயலூரிலிருந்து குடிவந்த லொக்வூட் நோயுற்றுக் கிடக்கையில், வீட்டுப் பணியாட்டி நெலி டீன் அவனுக்குக் கதை சொல்லுகின்றாள். அவன் அதனை நமக்கு எழுதித் தருகின்றான். ஆசிரியர் தம் குரலில் யாதும் கூறுவதில்லை.

நெலி பொறுப்புள்ளவள். அவளை நாம் விரைவில் நம்பிவிடுகின்றோம். ஓரிரவு கத்தரின், ஹீத்கிளிவை மணப்பது தனக்கு இழிவென அவளிடம் கூறுகின்றாள். மறைவிலிருந்த ஹீத்கிளிவ் அதனைக் கேட்டு எழுந்து போகின்றான். தான் அவனை எத்துணை நேசிக்கின்றாள் என்று அவள் பின்னர்க் கூறியதை அவன் கேட்டிலன். அவன் போவதை நெலி கண்டாள். கண்டும் உடனே சொன்னாளில்லை. அவன் ஊரைவிட்டே அகன்றான். அவன் மீளுமுன் கத்தரின் எட்கார் லின்ரனை மணந்துவிட்டாள். பிற்காலத்தில் கத்தரின் அறையைப் பூட்டிக்கொண்டு நோயுற்றுக் கிடந்தபோதும், அது வெறும் பாசாங்கென எண்ணிய நெலி கணவனுக்கு அறிவியாதிருந்தாள்.

இவற்றையெல்லாம் நமக்குச் சொல்லுபவளும் அவளே என்பதுதான் வியப்பு. தன்னைக் குற்றவாளியாக்கும் செய்திகளையும், சிறியனவற்றைக் கூறுவதுபோலக் கூறிச் செல்லுகின்றாள். எமிலியின் தமக்கை சாலற் 1850ஆம் ஆண்டிற் பதிப்பித்த நூலின் முன்னுரையில் நெலியின் அன்பையும் விசுவாசத்தையும் பாராட்டினார். 1958ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹவ்லி என்னும் ஆய்வாளரோ, கதையின் கொடியவள் நெலியே என்று வாதித்தார். ஒரே சாட்சியத்தைக் கொண்டு இருவரும் இருவேறு தீர்ப்புக் கூறினர்!

நாம் அவளைக் கொடியவள் என்னத் துணியோம். அவள் தனக்குச் சரியெனத் தோன்றியதைச் செய்தாள்; செய்தவாறே சொன்னாள். ஆயினும் ஹீத்கிளிவும் கத்தரினும் தம் வழக்கைப் பெரும்பாலும் அவள் வாயிலாகவே நம்முன் வைக்க நேர்ந்தது என்பதை மறத்தலாகாது. ஊர் வழக்கில் ஒரு பக்கத்தார் கூற்றை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைத்தல் நீதியாகுமா? கதையிலும் அஃது அவ்வாறே.

ஆதலின் மாணவர் நாவலைக் கையிலெடுக்கும்போது நான்கு வினாக்களை மனத்திற் கொள்வாராக. கூறுவோன் யார்? அவன் இதனை எவ்வாறு அறிந்தான்? யாருக்குக் கூறுகின்றான்? எதனைக் கூறாது விட்டான்? இவ்வினாக்கள் பரீட்சை மண்டபத்திற்கு மட்டும் உரியன அல்ல. கல்லூரியை நீங்கியபின், செய்தித்தாளிலும் வரலாற்று நூலிலும் அயலார் பேச்சிலும் எத்தனையோ கதை கூறுவோரை நாம் எதிர்கொள்ளுகின்றோம். அவர்களுட் பலர் நெலியைப் போன்று நல்லவர்களே. நல்லவர் சொல்லையும் ஆராய்ந்து கொள்ளும் பழக்கத்தை நாவல் நமக்குத் தருமாயின், அதனைக் கற்ற காலம் வீண்போனதாகாது.